ஜாம்பேசிக் கரையில் ஓர் எல்லைநகர்

1886-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ஆப்பிரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் தத்தமக்குரிய ஆதிக்க எல்லைகளை வகுத்துக்கொள்ளும் பொருட்டு ஜெர்மனியும் போர்ச்சுகலும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அட்லாண்டிக் கரையில் குனேனே நதியின் முகத்துவாரத்தில் தொடங்கி, ஒகவாங்கோ நதிக்கரையிலுள்ள அந்தாரா என்ற கிராமம் வரையில் ஒருவாறு வந்து சேர்ந்த எல்லைக்கோடு, அதற்கு அப்பால் மலையோ ஆறோ வழிகாட்டாத வனப்பிரதேசத்தின் ஊடே நேர் கிழக்காகச் சென்று, ஜாம்பேசி மகாநதி கட்டிமா என்னுமிடத்தில் பாறைகளின்மீது நுரைத்துப் புரண்டோடும் ஸ்தலத்தில் முடிவதாக அதில் எழுதப்பட்டது. அப்போது அங்கே நகரமென்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கரையோரத்து ஜனங்கள் தங்கள் மரத்தோணிகளைத் தண்ணீரிலிருந்து கரையேற்றிப் பாறைகளைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும் ஓர் இடம் இருந்தது, அவ்வளவே. கட்டிமா முலிலோ என்ற பட்டணம் உண்டாவதற்கு இன்னும் 49 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. ஊர் முதலில் தோன்றி, வளர்ந்து, பிற்பாடு எல்லைத் தகராறுகளில் அகப்பட்டுக்கொள்வதை உலக சரித்திரத்தில் பல இடங்களில் காண்கிறோம். இங்கோ எல்லை முந்திக்கொண்டது, ஊர் அதன் நுனியில் பின்னால் முளைத்தது. இந்தப் பட்டணத்தின் வாழ்வில் நேர்ந்த பெரிய மாறுதல்கள் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை அங்குள்ள மண்ணிலும் நீரிலும் தேடுவதைக் காட்டிலும், தொலைவிலிருந்த அரசாங்கங்கள் அந்த எல்லையை அவ்வப்போது எவ்வாறு கருதின என்பதில் தேடுவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நமீபியா தேசத்தின் படத்தை எடுத்துப் பார்ப்பவர்கள், வடகிழக்கு மூலையிலிருந்து அகப்பைக் காம்பைப் போல ஒரு நீண்ட துண்டு நிலம் கிழக்கே நீட்டிக்கொண்டிருப்பதைக் காண்பார்கள். ஏறக்குறைய 450 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டு, வடக்கே அங்கோலாவுக்கும் ஜாம்பியாவுக்கும், தெற்கே போட்ஸ்வானாவுக்கும் நடுவில் புகுந்து சென்று, ஜாம்பேசியும் சோபே நதியும் கூடுமிடத்தில் முடிகிறது. தலைநகரான விண்ட்ஹூக்கிலிருந்து கட்டிமா முலிலோவுக்குச் சாலைமார்க்கமாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். நமீபியாவின் பெரும்பகுதி பாலையும் வறண்ட புல்வெளியும் ஆகும். வருஷம் முழுவதும் வற்றாது ஓடும் ஆறுகளெல்லாம் அத்தேசத்தின் எல்லைகளில்தான் ஓடுகின்றன. ஆனால் இந்த மூலையிலோ ஆண்டுதோறும் 700 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அங்கோலாவிலும் ஜாம்பியாவிலும் பெய்த மழை மெல்ல மெல்ல இறங்கிவந்து, மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஜாம்பேசி கரைபுரண்டு, பட்டணத்துக்குக் கிழக்கேயுள்ள தாழ்ந்த சமவெளி முழுவதையும் தண்ணீர்க்காடாக்கிவிடுகிறது. வெள்ளம் மிகுந்த வருஷங்களில் ஜாம்பேசியின் பெருக்கு சோபே நதியைப் பின்னுக்குத் தள்ள, சோபே தான் வந்த வழியே எதிர்த்து ஓடி, மேற்கேயுள்ள லியாம்பேசி ஏரியை நிரப்புவதும் உண்டு. ஓர் ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே பருவத்தைப் பொறுத்த விஷயமாக உள்ள பிரதேசத்தில், ஆற்றின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒருவனுக்கு, அந்தப் பக்கம் மற்றொருவனுக்கு என்று பங்கிடுவது எவ்வளவு விசித்திரமான காரியம் என்பதை ஐரோப்பாவின் மந்திரிசபைகள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் வருவதற்கு முன்னால் இங்கே ஆறு எல்லையாக இருந்ததே இல்லை. அது ஒரு ராஜ்யத்தின் நடுவீதியாக இருந்தது. சுபியா, ஃப்வே, யேயி, டோட்டேலா முதலான ஜனக்கூட்டத்தினர் இருகரையிலும் வசித்து, மீன் பிடித்தும், வெள்ளம் வடிந்த வண்டல் நிலத்தில் விதைத்தும், மாடு மேய்த்தும் பிழைத்துவந்தனர். மேல் ஜாம்பேசியின் பெருஞ் சமவெளியை ஆண்ட லோசி அரசர்களின் ஆணை அவர்கள்மேல் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், தெற்கேயிருந்து யுத்தங்களால் துரத்தப்பட்டுக் கலஹாரிப் பாலையைக் கடந்து வந்த கொலோலோ என்னும் சோத்தோ இனத்தார், செபெட்வானே என்ற அசாதாரணமான தலைவனின் கீழ் இந்தப் பிரதேசத்தில் புகுந்து, லோசி ராஜ்யத்தையே கைப்பற்றி, சதுப்பு நிலங்கள் சூழ்ந்த லின்யாண்டியைத் தலைநகராக்கிக்கொண்டார்கள். அந்த லின்யாண்டி இப்போதைய கட்டிமா முலிலோவுக்குத் தென்மேற்கே இருந்தது. 1851-இல் டேவிட் லிவிங்ஸ்டன் தம் நண்பர் ஆஸ்வெல்லுடன் வந்து செபெட்வானேயைச் சந்தித்தார். சில நாட்களுக்குள் அந்த அரசன் நோயுற்று இறந்துபோனான். அதே ஆண்டில் சேஷேக்கே என்ற ஊரின் அருகிலேதான் லிவிங்ஸ்டன் ஜாம்பேசியை முதன்முதலாகக் கண்டார். ஆப்பிரிக்காவின் நடுவில் இவ்வளவு பெரிய நதி இருப்பது அதுவரையில் ஐரோப்பியப் படங்களில் சரிவரக் குறிக்கப்பட்டிருக்கவில்லை. 1853-இல் அவர் மேற்குக் கடற்கரையை நாடிப் புறப்பட்டதும், 1855 நவம்பரில் கிழக்கு நோக்கிச் சென்று பேரருவியைக் கண்டு அதற்குத் தம் ராணியின் பெயரை இட்டதும் இந்த லின்யாண்டியிலிருந்து சென்றே. செபெட்வானேயின் குமாரன் செக்கெலெட்டு கொடுத்த ஆட்களும், தோணிகளும், தந்தமும் இல்லாமல் அந்தப் பிரயாணங்கள் நடந்திருக்க முடியாது. கண்டுபிடிப்புச் சரித்திரங்களில் இப்படிப்பட்ட உபகாரங்களுக்கு ஒரு வரிக்குமேல் இடம் கிடைப்பதில்லை.

லின்யாண்டியின் காய்ச்சல் மிகக் கொடியது. 1860-இல் லண்டன் மிஷன் சங்கத்தார் அனுப்பிய ஹெல்மோர், பிரைஸ் என்ற பாதிரிமாரின் குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்த சில வாரங்களில் அவர்களில் பெரும்பாலோர் மடிந்தனர். மலைநாட்டிலிருந்து வந்த கொலோலோக்களையும் அந்தக் காய்ச்சல் ஆண்டுதோறும் அரித்துவந்தது. 1864-இல் லோசிகள் கிளர்ந்தெழுந்து கொலோலோ ஆண்மக்களைப் பெரும்பாலும் வதைத்து, தங்கள் ராஜ்யத்தை மீட்டுக்கொண்டனர். வெற்றி பெற்றவர்கள் தோற்றவர்களின் பாஷையை மட்டும் விட்டுவிடவில்லை; கொலோலோக்கள் கொண்டுவந்த சோத்தோ மொழி உள்ளூர்ப் பேச்சுகளோடு கலந்து, சிலோசி என்று பெயர் பெற்று, இன்றும் கட்டிமா முலிலோவின் சந்தையிலும் பள்ளியிலும் பல இனத்தாருக்கும் பொதுவாக விளங்குகிறது. 24 ஆண்டுகளேனும் நிலைத்ததா என்று ஐயுறத்தக்க ஓர் ஆட்சி, தன் அரண்மனைகளில் ஒரு கல்லையும் விட்டுச்செல்லாமல், நாவில் மாத்திரம் இத்தனை காலம் நிலைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இனி வருவது 1890-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் கடைசி வாரம். இந்தக் கதையில் அந்த ஒரு வாரத்துக்கு ஈடான வாரம் வேறில்லை. லோசிகளின் அரசரான லெவனிகா, தெற்கேயிருந்து படையெடுக்கும் நிடெபெலேக்களுக்கும் உள்நாட்டுப் போட்டியாளர்களுக்கும் அஞ்சி, விக்டோரியா ராணியின் பாதுகாப்பை நெடுநாளாக நாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில், ஜூன் 27-ஆம் தேதி தம் தலைநகரான லெயாலூயியில், லோக்னர் என்பவர் நீட்டிய பத்திரத்துக்கு இசைந்தார். உண்மையில் லோக்னர் ராணியின் தூதரல்லர்; சிசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் ஏஜெண்டு. சுரங்க உரிமைகள் ஒரு வியாபார ஸ்தாபனத்தின் கைக்குப் போய்விட்டன என்பதை லெவனிகா பின்னரே அறிந்து ஆட்சேபித்தார். நான்கு நாள் கழித்து, ஜூலை 1-ஆம் தேதி, பெர்லினில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் வேறோர் உடன்படிக்கையை முடித்தன. பிஸ்மார்க்குக்குப் பின் அந்த ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் பதவியேற்றிருந்த ஜெர்மன் பிரதம மந்திரி லியோ வான் காப்ரிவி, ஸான்ஸிபார் தீவின்மீதிருந்த கோரிக்கைகளை விட்டுக்கொடுத்து, வடகடலிலுள்ள ஹெலிகோலாந்து என்ற சிறு தீவைப் பெற்றுக்கொண்டார். கூடவே, இன்றைய நமீபியாவான தென்மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜாம்பேசிக்குச் செல்ல, எந்த இடத்திலும் 20 மைலுக்குக் குறையாத அகலமுள்ள ஒரு நிலத்துண்டும் ஜெர்மனிக்குக் கிடைத்தது. லெவனிகாவின் குடிகள் வசித்த நதியின் வடகரை ஒரு கம்பெனியிடமும் தென்கரை ஒரு சாம்ராஜ்யத்திடமும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது பத்திரத்தைப்பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் துண்டுக்குக் காப்ரிவியின் பெயரே வழங்கலாயிற்று. ஜாம்பேசி வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தங்கள் நாட்டோடு தொடர்பு கொள்ளலாம் என்று ஜெர்மானியர் கனவு கண்டார்கள் என்று சொல்வது வழக்கம். கனவு மெய்தானென்றால், கட்டிமாவிலிருந்து கீழே செல்லும் படகு, இருநூறு கிலோமீட்டருக்குள், நூறு மீட்டருக்கும் அதிக ஆழத்தில் விழும் விக்டோரியா அருவியை எதிர்கொண்டாக வேண்டும் என்பதை அவர்கள் மறந்தார்கள் என்றே கொள்ளவேண்டும். எது எப்படியானாலும், இவ்வளவு பேரம் பேசிப் பெற்ற நிலத்தை ஜெர்மனி 18 ஆண்டுகள் எட்டிப்பார்க்கவே இல்லை. வரி கேட்பாரும் வழக்குத் தீர்ப்பாரும் இல்லாத அந்த இடைவெளியில், யானை வேட்டைக்காரர்களும் பக்கத்து நாடுகளில் குற்றம் செய்து தப்பியோடியவர்களும் அங்கே வசதியாகத் தங்கினார்கள்.

1909-இன் தொடக்கத்தில்தான் குர்ட் ஸ்ட்ரெய்ட்வொல்ஃப் என்ற ஜெர்மன் சேனாதிகாரி சிறு பரிவாரத்தோடு அங்கு வந்துசேர்ந்தார். ஜெர்மன் நிலத்தை அடைய அவர் பிரிட்டிஷாரின் பெச்சுவானாலாந்து (இன்றைய போட்ஸ்வானா) வழியாகப் பிரயாணம் செய்யவேண்டியிருந்தது என்பதே அந்தத் துண்டின் தன்மையை நன்றாக விளக்கிவிடும். அவர் வருகிறார் என்ற செய்தி கேட்டு ஜனங்களில் பலர் மாடுகளை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டிருந்தனர். அவர்களைத் திரும்ப அழைப்பதும், லோசி அரசரின் அதிகாரத்துக்குப் பதிலாகச் சுபியாக்களுக்கும் ஃப்வேக்களுக்கும் தனித்தனித் தலைவர்களை அங்கீகரிப்பதுமே அவருடைய முதல் வேலைகளாயின. ஜாம்பேசிக் கரையில், பிரிட்டிஷ் நிலையமிருந்த பழைய சேஷேக்கேக்கு எதிரே, அவர் அமைத்த தலைமை நிலையத்துக்குத் தென்மேற்கு ஆப்பிரிக்க கவர்னரின் பெயரால் ஷுக்மன்ஸ்பர்க் என்று நாமகரணமாயிற்று. சில குடிசைகளும் ஒரு கொடிமரமும் கொண்ட அந்த ராஜதானி, முதல் உலக யுத்தம் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பரில், அக்கரையிலிருந்து வந்த பிரிட்டிஷ் போலீஸாரிடம் ஒரு துப்பாக்கிச் சத்தமும் இன்றிச் சரணடைந்தது. ஜெர்மன் ஆட்சி நடைமுறையில் இருந்தது ஆறு வருஷத்துக்கும் குறைவு. ஆனால் ஸ்ட்ரெய்ட்வொல்ஃப் வகுத்த தலைமைப் பிரிவுகள் இன்றுவரை அந்தப் பிரதேசத்தின் உள் அரசியலில் உயிரோடிருக்கின்றன.

யுத்தத்துக்குப்பின் காப்ரிவித் துண்டு கைமாறிய விதம், ஒருவருக்கும் வேண்டாத சொத்தின் விதமே. சர்வதேச சங்கத்தின் ஆணைப்படி தென்மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் தென்னாப்பிரிக்க யூனியனின் பொறுப்பில் வந்தபோதிலும், இந்த மூலை எட்டாத தொலைவில் இருந்ததனால், 1929 வரையில் பெச்சுவானாலாந்து அதிகாரிகளே அதைப் பார்த்துக்கொண்டனர்; பத்தாண்டுகள் விண்ட்ஹூக் நிர்வாகத்தின்கீழ் இருந்துவிட்டு, 1939-இல் கிழக்குப்பகுதி நேரே பிரிட்டோரியாவின் ஆதீனத்துக்குப் போயிற்று. இதற்கு நடுவே, 1935-இல், வெள்ளத்தாலும் கொசுவாலும் வருந்திய ஷுக்மன்ஸ்பர்க்கைக் கைவிட்டு, நதியின் மேற்போக்கில் மேடான கரையையுடைய கட்டிமா முலிலோவுக்குத் தலைமை நிலையம் மாற்றப்பட்டது. இதுவே நம் பட்டணத்தின் பிறப்பு. பிறந்த வீட்டில் செல்வம் ஒன்றும் இல்லை. 1905-இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்திருந்த லிவிங்ஸ்டன் நகரமே அதற்கு அண்மையான பெரிய கடைவீதி. சாமானும் தபாலும் அந்நிய நிலத்தின் வழியாகவே வரவேண்டும். வெகுகாலம் வரையில் அந்த ஊரில் இருந்த ஒரே மோட்டார் வாகனம், படகுகளைப் பாறைகளுக்கு அப்பால் கரைவழியே இழுத்துச்செல்லும் ஒரு டிராக்டர்தான் என்று சொல்வார்கள். இரண்டாம் யுத்த காலத்தில் அங்கே மாஜிஸ்திரேட்டாக இருந்த மேஜர் டிரோலோப், நம் நாட்டில் ஆனைப்புளி என்று வழங்கும் பாவோபாப் மரம் ஒன்றின் குடைந்த அடிமரத்துக்குள், தண்ணீர் விட்டுக் கழுவும் நவீன கக்கூஸ் ஒன்றை அமைத்துக்கொண்டார். அந்த மரம் பிற்காலத்தில் வருவோரெல்லாம் பார்க்கும் காட்சிப்பொருளாயிற்று. இருநூறு வருஷம் போனாலும் ஒரு துரைத்தனத்தை அதன் சட்டங்களைவிட இத்தகைய சௌகரியங்களே அதிகமாக நினைப்பூட்டும் போலும்.

அந்த நாட்களில் இந்த ஊர் வழியாக மிகுதியாகச் சென்ற சரக்கு மனிதர்களே. ஜோஹான்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தங்கச் சுரங்கங்களுக்கு ஆள் சேர்ப்பதற்கென்று அமைந்த விட்வாட்டர்ஸ்ராண்டு சுதேசித் தொழிலாளர் சங்கம், அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் வெனேலா என்று தென்னாப்பிரிக்கா எங்கும் அறியப்பட்டது. உஷ்ணப்பிரதேசங்களிலிருந்து சென்ற கூலிகள் சுரங்கங்களில் நிமோனியாவால் கூட்டங்கூட்டமாக மாண்டதால், 22-ஆவது அட்சரேகைக்கு வடக்கே ஆள் எடுப்பது 1913-இல் தடை செய்யப்பட்டிருந்தது. 1930-களில் அந்தத் தடை நீங்கியதும், லோசிகளின் நாடான பாரோட்சேலாந்தின் கிராமங்களிலிருந்து ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த வாலிபர்கள் தோணிகளிலும் படகுகளிலும் ஜாம்பேசி வழியே இறங்கிவரலாயினர். லாரிகளில் காஜுங்குலா, பிரான்ஸிஸ்டவுன் வழியாகவும், பின்னர் ஆகாய விமானத்திலும், அவர்கள் தெற்கே கொண்டுபோகப்பட்டனர். மாதக்கணக்கில் பூமிக்கு அடியில் உழைத்துவிட்டு, சைக்கிளும் கம்பளியும் தகரப்பெட்டியுமாகத் திரும்பியவர்கள் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. அந்தச் சங்கத்தின் நிலையம் இருந்த இடத்திலேதான் இப்போது ஜாம்பியாவுக்குச் செல்லும் சுங்கச்சாவடி இருக்கிறது. சங்கம் போய்ப் பல்லாண்டுகளாகியும் ஊரார் அந்தச் சாவடியை வெனேலா என்றே அழைக்கிறார்கள். சர்க்காரும் அப்படியே எழுதுகிறது.

1964 அக்டோபர் 24-ஆம் தேதி வடரொடீஷியா ஜாம்பியா என்ற சுதந்திர நாடாயிற்று. அன்றுவரை மாகாண நிர்வாகத்தின் சில்லறை விஷயமாயிருந்த ஆறு, அன்றுமுதல் வெள்ளையர் ஆதிக்கத்துக்கும் கறுப்பர் விடுதலைக்கும் நடுவே நின்ற யுத்தரேகையாகிவிட்டது. காப்ரிவியிலும் அரசியல் விழிப்பு உண்டாகியிருந்தது. பிரெண்டன் சிம்பவாயேயைத் தலைவராகக் கொண்ட காப்ரிவி ஆப்பிரிக்க தேசிய யூனியன் 1964-இல், நமீபிய விடுதலைக்குப் போராடிய ஸ்வாப்போ இயக்கத்தோடு இணைந்தது. அதே வருஷம் கைதுசெய்யப்பட்ட சிம்பவாயே, சிறையும் நாடுகடத்தலுமாகக் காலங்கழித்து, 1972-க்குப்பின் என்ன ஆனார் என்று தெரியாமலே மறைந்துபோனார். பிரிட்டோரியா அந்த மூலையை இனி அந்நிய வழியே சென்று ஆளமுடியாது. எனவே துண்டின் நீளம் முழுவதும் சரளைக்கல் சாலை ஒன்று போடப்பட்டது. சிப்பாய்கள் அதைப் பொன்நெடுஞ்சாலை என்று அழைத்தார்கள். பட்டணத்துக்குத் தென்மேற்கே ம்பாச்சா என்னுமிடத்தில் பெரிய விமானதளம் எழுந்தது. பாசறைகள், ஆஸ்பத்திரி, குழாய்த் தண்ணீர், மின்சாரம், ஆப்பிரிக்கர் குடியிருப்புக்கென்று தனியே வகுத்த ங்வேசே என்ற பேட்டை என இவையெல்லாம் ராணுவத்தின் பின்னால் வந்தன. இன ஒதுக்கல் கொள்கையின்படி 1972-இல் கிழக்கு காப்ரிவிக்கு ஒரு சட்டசபையும், 1976-இல் பெயரளவு சுயாட்சியும் கொடுக்கப்பட்டபோது, அந்த நாடகத்தின் அரங்கமும் இந்த ஊரே. 1978 ஆகஸ்டு 23-ஆம் தேதி இரவில் அக்கரையிலிருந்து ஸ்வாப்போ படையினரும் ஜாம்பியப் படையினரும் ராக்கெட்டுகளை வீச, சிப்பாய்கள் உறங்கிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் குண்டு விழுந்து பத்துத் தென்னாப்பிரிக்க வீரர்கள் மாண்டனர்; தென்னாப்பிரிக்கப் படைகள் உடனே நதியைக் கடந்து பழி தீர்த்தன. யுத்தம் ஊர்களை அழிக்கும் என்பது பொதுவிதி. கட்டிமா முலிலோவை முதன்முதலில் பட்டணமாக்கியதே யுத்தம்தான் என்று சொல்ல எனக்கு மனமில்லை என்றாலும், சொல்லாமல் விடுவதற்கும் இல்லை.

1990 மார்ச்சு 21-இல் நமீபியா விடுதலை பெற்றது. பாசறைகள் காலியாயின, அவற்றில் வேலைபார்த்தவர்களின் பிழைப்பும் போயிற்று. தலைநகரிலிருந்து வரும் உத்தியோகஸ்தர்கள் வேற்றுமொழி பேசுகிறார்கள், தங்கள் மூலை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்ற மனக்குறை ஜனங்களில் ஒரு சாராரிடையே ஊன்றி வளர்ந்தது. ஒருகாலத்தில் ஸ்வாப்போவின் உபதலைவராயிருந்து, பிற்பாடு எதிர்க்கட்சித் தலைவரான மிஷாக்கே முயோங்கோ, காப்ரிவி தனிநாடாக வேண்டும் என்ற கொள்கையை ஏந்தி, 1998-இல் ஆதரவாளர்களோடு போட்ஸ்வானாவுக்கு ஓடினார். 1999 ஆகஸ்டு 2-ஆம் தேதி விடியற்காலையில் பிரிவினைக்காரர்கள் கட்டிமா முலிலோவின் போலீஸ் நிலையத்தையும், வானொலி நிலையத்தையும், ம்பாச்சா தளத்தையும், வெனேலாச் சாவடியையும் ஒரே சமயத்தில் தாக்கினர். அரசாங்கம் அவசரநிலை பிரகடனம் செய்து சில நாட்களில் கிளர்ச்சியை அடக்கிவிட்டது. பிடிபட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்கள்மீது தொடுத்த ராஜத்துரோக வழக்கு 2015 வரை இழுத்தது. தீர்ப்பு வருமுன் சிறையிலேயே இறந்தவர்களும், இத்தனை ஆண்டுகளுக்குப்பின் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. இந்த விவகாரம் அந்த ஊரில் இன்னும் ஆறாத ரணம். வெளியூரான் தீர்ப்புச் சொல்லத் தக்கதன்று.

அதே 1999-இன் டிசம்பர் 13-ஆம் தேதி, ஹேக் நகரத்தின் சர்வதேச நீதிமன்றம் இப்பிரதேசத்தைப்பற்றிய மற்றொரு வழக்கில் தீர்ப்பளித்தது. சோபே நதியின் நடுவே, சுபியாக்கள் தலைமுறைகளாக உழுதுவந்ததும் வெள்ளக்காலத்தில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடப்பதுமான கசிக்கிலி என்ற தீவை, போட்ஸ்வானா செடுடு என்று தனக்கு உரிமை கொண்டாடியது. சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் நிலத்துக்காக இரு அரசாங்கங்களின் வக்கீல்களும் 1890-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஆங்கில வாசகத்தையும் ஜெர்மன் வாசகத்தையும் எதிரெதிரே வைத்து, ஆற்றின் பிரதான ஓட்டம் தீவுக்கு வடக்கேயா, தெற்கேயா என்று வாதித்தனர். வடக்கு ஓட்டமே பிரதானம் என்று பதினொரு நீதிபதிகளும், அல்லவென்று நால்வரும் கருத, தீவு போட்ஸ்வானாவுக்குப் போயிற்று. உழுத உழைப்பு உரிமைக்குச் சான்றாகக் கொள்ளப்படவில்லை.

ஊரின் அடுத்த வளர்ச்சி சாலையினால் வந்தது. சரளைச்சாலை 1990-களின் இறுதியில் தார்ச்சாலையாயிற்று. எனினும் அங்கோலாவின் உள்நாட்டு யுத்தம் எல்லைதாண்டிச் சிதறியதால், சில ஆண்டுகள் துண்டின் மேற்குப்பகுதியை வாகனங்கள் ராணுவக் காவலோடு கூட்டமாகத்தான் கடக்க முடிந்தது. 2002-இல் அங்கோலாவில் சமாதானம் ஏற்பட்டபின் அந்தப் பயம் நீங்கியது. 2004 மே 13-ஆம் தேதி, அதுவரை தெப்பத்தில் ஏற்றிக் கடத்தப்பட்ட வாகனங்களுக்காக, கட்டிமா முலிலோவையும் எதிர்க்கரைச் சேஷேக்கேயையும் இணைக்கும் 900 மீட்டர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டது. அட்லாண்டிக் கடலோரத்து வால்விஸ் பே துறைமுகத்திலிருந்து ஜாம்பியாவின் தாமிரச் சுரங்கங்களுக்கும், அதற்கப்பால் காங்கோவின் லுபும்பாஷிக்கும் இடையறாத தார்ச்சாலை அன்றுமுதல் கிடைத்தது. வடக்கேயிருந்து தாமிரத் தகடுகள் வருகின்றன. தெற்கேயிருந்து எண்ணெயும், யந்திரங்களும், கப்பலில் வந்திறங்கிய பழைய மோட்டார்களும் போகின்றன. 2010-இல் மின்சாரமும் இந்தத் தடத்தைப் பின்பற்றியது: பட்டணத்துக்கு அருகிலுள்ள நிலையத்திலிருந்து நமீபியாவின் நடுப்பகுதிவரை 950 கிலோமீட்டர் தூரம் உயர்ந்த அழுத்தத்தில் மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பி இழுக்கப்பட்டது. 2013-இல் காப்ரிவி என்ற பெயரை நீக்கிப் பிரதேசத்துக்கு ஜாம்பேசி என்றும், ஷுக்மன்ஸ்பர்க்குக்கு லுஹோனோனோ என்றும் பெயரிட்டார்கள்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சமாயிருந்த பட்டணத்தின் ஜனத்தொகை, 2023-இல் நாற்பத்தாறாயிரத்தைத் தாண்டிவிட்டது. இப்படிப் பெருகியவர்களில் பலர் லாரிகளை நம்பி வந்தவர்களல்லர். வெள்ளச் சமவெளியிலிருந்தும் காட்டுக் கிராமங்களிலிருந்தும் பள்ளிக்கூடத்தையும், கல்லூரியையும், ஆஸ்பத்திரியையும், கூலிவேலையையும் நாடி வந்தவர்கள். 2009-ஐப் போன்ற பெருவெள்ள ஆண்டுகளில் மேட்டுநிலத்துக்குப் பெயர்ந்தவர்களில் சிலர் திரும்பிப் போவதில்லை. மனைகளை அளந்து, தண்ணீர்க்குழாய் போட்டுக் கொடுப்பதற்குள் தகரக்கொட்டகைகள் முந்திக்கொள்கின்றன. சோட்டோ, கௌபாய் என்றெல்லாம் பெயர் பெற்ற புறப்பேட்டைகள் அப்படி உண்டானவையே. ஊர்ச்சந்தையில் ஜாம்பேசியின் கெண்டைபோன்ற மீன்களும், ஜாம்பியாவிலிருந்து வரும் நெத்திலி அளவேயான கப்பெந்தாக் கருவாடும், கூரை வேயும் புற்கட்டுகளும், சீனக் கடைக்காரர்களின் பிளாஸ்டிக் சாமான்களும் பக்கம் பக்கமாக விற்கின்றன. நமீபிய டாலரும் ஜாம்பியாவின் குவாச்சாவும் கைமாறுகின்றன. கால்நடை நோய்களுக்கு அஞ்சி இந்தப் பிரதேசத்து மாடுகளைத் தெற்கே கொண்டுபோக விடாத சட்டம் அமலில் இருப்பதால், மாட்டுச் செல்வம் மிகுந்திருந்தும் குடியானவன் அதைக் காசாக்க முடியாமல் திண்டாடுகிறான். ஆகவேதான் சந்தையும் சாவடியும் அந்த ஊருக்கு இவ்வளவு அவசியமாயின.

இப்போது அதற்கு ஒரு போட்டி கிழக்கே எழுந்திருக்கிறது. நான்கு தேசங்கள் ஏறக்குறைய ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ளும் காஜுங்குலாவில், போட்ஸ்வானாவையும் ஜாம்பியாவையும் நேரே இணைக்கும் பாலம் 2021 மே 10-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஜிம்பாப்வேயின் எல்லையைத் தொடாமல் வளைந்து செல்லுமாறு கட்டப்பட்ட அந்த 923 மீட்டர்ப் பாலம், டர்பன் துறைமுகத்தின் சரக்குகளைத் தாமிரநாட்டுக்கு விரைவாகக் கொண்டுபோகிறது. வால்விஸ் பேயிலிருந்து வருபவை மட்டும் முன்போலவே கட்டிமா வழியாகச் செல்கின்றன. எனவே இந்த ஊரின் எதிர்காலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு கடற்றுறையின் சுறுசுறுப்பைப் பொறுத்திருக்கிறது. நமீபியாவின் குரூட்ஃபொண்டெய்னிலிருந்து இவ்வூர் வழியாக ஜாம்பியாவுக்கு இருப்புப்பாதை போடவேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. காஜுங்குலாப் பாலத்தில் ரயிலுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். கட்டிமாவின் பாலமோ இரண்டு வண்டிகள் எதிரெதிரே செல்லும் அகலமே உள்ளது. ரயில் வருமானால் ஜாம்பேசிக்கு அங்கே இன்னொரு பாலமும் கட்டித்தான் ஆகவேண்டும்.